பேங்க் மூடிய வருஷமும் அத்தையின் சத்தியமும்

பென்ஷன் வாங்கும் நம் கூட்டத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, நாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்று ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லின் மேல் பெருவிரலை வைத்து நிரூபிக்க வேண்டும். போன தடவை என் விரலை அந்த இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஈரத்துணியில் துடைத்து வைத்தேன், சேலையில் தேய்த்து வைத்தேன், ஊதிக்கூட வைத்தேன். கவுண்டரில் இருந்த பெண், "பாத்திரம் தேச்சுத் தேச்சு ரேகை போயிருக்கும்மா. வேற விரல் வையுங்க" என்றாள். கடைசியில் என் மோதிர விரல் மட்டும் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தது.

அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொரு கைநாட்டின் ஞாபகம் வந்தது. இளவட்டங்களிடம் சொன்னால், "போன்ல ஓ.டி.பி. வராதா?" என்று கேட்பார்கள். உங்களுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சங்கரன்கோவிலில் கோயிலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அந்த பேங்க் இருந்தது. அதற்கு நீளமான பெயர் உண்டு, ஆனால் நாங்கள் வெறும் பேங்க் என்றுதான் சொல்வோம். ஊர்க்காரர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்தது. மரப்படி ஏறினால் பசையும் அரக்கும் கலந்த வாசனை வரும். கம்பிவலைக் கூண்டுக்குள் கேஷியர் உட்கார்ந்திருப்பார். பணம் எடுக்க வந்தவர்களுக்குப் பித்தளை வில்லை ஒன்று தருவார்கள், அதில் நம்பர் வெட்டியிருக்கும். கூப்பிடும் வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொள்வது என் வேலை. வெயில் காலத்திலும் அது சில்லென்று இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

வீட்டுக்கு வீடு அந்த பேங்க் கொடுத்த பச்சை பெயின்ட் அடித்த இரும்பு உண்டியல் ஒன்று இருந்தது. காசு போட ஓட்டை மட்டும்தான் இருக்கும், சாவி பேங்க்கில். நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனால் அவர்களே திறந்து நம் கணக்கில் சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கம் வரட்டும் என்று செய்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் வந்த ஒரே பழக்கம், விளக்குமாற்றுக் குச்சியை விட்டுக் காசை வெளியே எடுப்பதுதான்.

என் அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அப்பாவின் தங்கையான அத்தை எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையில் இருந்தாள். அத்தையைக் குருவிகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. மாமா இறந்த பிறகு அவர் பங்கு நிலத்தை விற்று, அந்தப் பணத்தை அப்பாதான் அத்தை பெயரில் பேங்க்கில் டெபாசிட் போட்டுக் கொடுத்தார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு, ரசீதை மஞ்சள் பையில் சுருட்டி அரிசிப் பானைக்குள் வைத்தாள். அதன் வட்டியும் நாலைந்து ஆடுகளும்தான் அவளுடைய வாழ்வு. யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறோம் என்ற நினைப்பு அவள் நடையிலேயே தெரியும்.

பேங்க் மூடுவதற்கு ஒரு வாரம் முன்னால் நானும் அத்தையும் வட்டி வாங்கப் போனோம். கேஷியர் பணத்தைக் கொடுத்துவிட்டு, கம்பிவலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து சொன்னார்: "அக்கா, ஆட்டுக்குட்டி வாங்கணும்னு சொன்னீகள்லா. வாங்கிருங்க. முழுசையும் எடுத்து வாங்கிருங்க. இப்பவே வாங்குங்க."

வீட்டுக்கு வந்து அத்தை அதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். அப்பா சிரித்துவிட்டார்.

"அம்புட்டுக்கும் ஆடு வாங்குனா நீ மந்தைக்காரி ஆயிருவே. ரசீது முதிர இன்னும் நாலு மாசம் கிடக்கு. இப்ப எடுத்தா வட்டி போயிரும். அவனுக்கு என்ன தெரியும்?"

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வேலை பார்க்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்காமல் உண்மையைச் சொல்ல அந்த மனிதருக்கு ஆடுதான் கிடைத்தது. சட்டப் புத்தகம் எல்லாம் படித்த அப்பாவுக்கு அது புரியவில்லை. படிக்காத அத்தைக்குப் புரிந்திருக்கலாம், ஆனால் அண்ணன் பேச்சைத் தாண்டி அவள் எதுவும் செய்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை மரப்படியில் பூட்டுத் தொங்கியது. பணத்தை ஒரு பருத்தி மில்லுக்கே கொட்டிக் கொடுத்துவிட்டார்கள், அந்த மில்லும் பேங்க் டைரக்டரின் மச்சானுடையது என்று பேசிக்கொண்டார்கள். தெரு நிறையக் கூட்டம். மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த, வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி, குடையை மடியில் வைத்துக்கொண்டு சாயந்தரம் வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். யாராவது கேட்டால், "மகளுக்கு வைகாசியில கல்யாணம்" என்று மட்டும் சொன்னார். அப்பா மட்டும் நிமிர்ந்த தலையோடு, "கவர்மென்ட் விடாது வே. அதுக்குன்னு சட்டம் இருக்கு" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரத்தில் எங்கள் உண்டியலை உடைக்கலாமா என்று ஒரு பிரச்சினை வந்தது. என் அண்ணன் சுத்தியலோடு நின்றான். அப்பா விடவில்லை. பெட்டி பேங்க்கின் சொத்து, பேங்க் கோர்ட்டின் பொறுப்பில் இருக்கிறது, உடைத்தால் குற்றம் என்றார். அடுப்படியிலிருந்து அம்மா, "அப்ப அதுக்கு ஒரு வக்கீல் வையுங்க" என்றாள். பெட்டி அலமாரி மேல் ஏறியது. பிறகு எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்ததோ தெரியவில்லை, உள்ளே இருந்த காசோடு போய்விட்டது.

சட்டம் இருக்கத்தான் செய்தது. கோர்ட்டு ஒரு ஆபீசரை நியமித்தது. லிக்விடேட்டர் என்ற பெயர் ஊர் வாயில் நுழையாததால் அவர் கோர்ட்டு ஆபீசர் ஆனார். பணம் போட்டவர்கள் ஒவ்வொருவரும் பாரம் பூர்த்தி செய்து, கூடவே ஒரு பிரமாணப் பத்திரமும் வக்கீல் முன்னால் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். மில்லையும் கட்டிடத்தையும் விற்று வருவதை, கேட்டவர்களுக்குப் பங்கு வைப்பார்கள். கேட்காதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. அப்பா தினமும் சாயந்தரம் எங்கள் நடுவீட்டில் உட்கார்ந்து தெருக்காரர்கள் எல்லோருக்கும் பாரம் எழுதிக் கொடுத்தார். யாரிடமும் காசு வாங்கவில்லை. அது தன் தப்புக்குத் தானே போட்டுக்கொண்ட அபராதம் என்று இப்போது தோன்றுகிறது.

அத்தையின் முறை வந்தபோது பிரமாணப் பத்திரத்தை அப்பா வாசித்தார். "கடவுள் அறியச் சத்தியமாய் நான் கூறுவது என்னவென்றால்" என்று ஆரம்பித்ததும் அத்தை எழுந்துவிட்டாள்.

"அண்ணே, அது எனக்கு வேண்டாம்."

"எது வேண்டாம்?"

"சத்தியம். நான் பண்ண மாட்டேன்."

அதற்குக் காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கும் அவர் பங்காளிகளுக்கும் வரப்புத் தகராறு வந்தபோது, ஊர்க்கோயிலில் சூடம் ஏற்றி, மாமா அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மைதான், பிறகு அளந்து பார்த்தபோது எல்லைக் கல் அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஆனால் அடுத்த வருஷத்துச் சோளம் அறுப்பதற்குள் மாமா காய்ச்சலில் போய்விட்டார். மெய்யோ பொய்யோ, சத்தியம் செய்தவரை அது ஒரு வருஷத்துக்குள் கொண்டுபோய்விடும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களின் நம்பிக்கை.

"இது கோயில் சத்தியம் இல்ல ஏட்டி, கோர்ட்டுச் சத்தியம்" என்றார் அப்பா. "வக்கீல் ரெண்டு ரூவாய்க்குப் பண்ணித் தருதான்."

"ரெண்டு ரூவான்னா சாமிக்குக் கேக்காதா?"

"உன் பணம்தானே? நெசத்தைத்தானே சொல்லப் போற?"

"அவுகளும் நெசத்தைத்தான் சொன்னாக."

அப்பா தாளை மடித்து வைத்தார். அத்தை ஆட்டுக்குத் தழை வைக்கப் போய்விட்டாள். அவள் மட்டுமில்லை, குருவிகுளம் பக்கத்துப் பெண்கள் இன்னும் சிலரும் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து பாரம் கொடுக்காமலே இருந்துவிட்டார்கள். கோர்ட்டுக் கணக்கில் அவர்கள் பணம் கேட்காதவர்கள். தெருவில் சிலர் அத்தையைப் பற்றி வேறு மாதிரியும் பேசினார்கள். கேஷியர் சொல்லி முன்கூட்டியே எடுத்திருப்பாள், அதுதான் சத்தியம் செய்யப் பயப்படுகிறாள் என்று. அத்தை காதில் அது விழாமல் இருந்திருக்காது.

பாரம் கொடுக்கக் கோர்ட்டு வைத்த கெடு முடிய ஒரு நாள்தான் இருந்தது. அப்பா ஆபீசிலிருந்து மத்தியானமே வந்தார். அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா முதலில் மாட்டேன் என்றாள், பிறகு சேலை மாற்றினாள். என்னையும் கூட்டிக்கொண்டு நோட்டரி வக்கீல் வீட்டுக்குப் போனோம். வக்கீல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அத்தையின் பெயர் எழுதிய தாளை நீட்டினார். அம்மா ஊதா மையில் பெருவிரலைத் தொட்டு அதில் வைத்தாள். கீழே, இவர் இன்னார்தான் என்று எனக்குத் தெரியும் என அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். என் அம்மா நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரிந்தவள். முத்து முத்தாக எழுதுவாள்.

திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: "நான் சத்தியம் ஒண்ணும் பண்ணல. மையைத் தொட்டேன், அம்புட்டுத்தான்."

அப்பா என்னிடம், "அத்தைகிட்ட சொல்லாத, என்னா" என்றார்.

சாயந்தரம் புளி வைத்துத் தேய்த்தும் அந்த ஊதா போகவில்லை. "என்ன மதினி, விரல்ல மை?" என்று அத்தை கேட்டாள். "எல்லாம் இவ கொட்டுனதுதான்" என்று அம்மா என்னைக் காட்டினாள். அத்தை என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அந்தக் குட்டு எனக்கு வலிக்கவில்லை, ஆனால் இன்றுவரை மறக்கவும் இல்லை.

ஆனியின் கடைசியில் ரிஜிஸ்தர் தபால் வந்தது. பேங்க்கில் டெபாசிட் போட்டபோது வைத்த ரேகையும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும் ரேகையும் ஒன்று இல்லை. மனுதாரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். தவறினால் மேல் நடவடிக்கை. அப்பா அரசாங்க ஊழியர். பொய்ச் சாட்சி என்று ஒரு வரி எழுதினால் போதும், வேலை போய்விடும்.

மூன்று நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பின்கட்டுக்குப் போய், ஆடு கட்டியிருந்த இடத்தில் நின்றபடி அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் முருங்கை மரத்தடியில் நின்றிருந்தேன். அப்பா அழுது நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

அத்தை கையில் இருந்த தழையைக் கீழே போடவில்லை. கடைசிக் குச்சி வரைக்கும் குட்டிகளுக்குக் கொடுத்து முடித்தாள். பிறகு, "என்னைக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

"ஏட்டி, அங்கன போனா உன்னைச் சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க."

"தெரியுது. என்னைக்குன்னு சொல்லு, வாரேன்."

எங்கள் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேற்றிய சமயம். தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். மூடிய பேங்க்கையே திறந்து அதில் கோர்ட்டு ஆபீசர் உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் புறா எச்சம். கேஷியர் கூண்டுக்குள் யாரும் இல்லை. ஆணியில் மாட்டிய பித்தளை வில்லைகள் பச்சை பூத்துத் தொங்கின. எனக்கு அவை மேல் ஆசையே வரவில்லை. அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். எங்கே போனாலும் எழுத்து வாசிக்க என்னைக் கூட்டிப் போவது அவள் வழக்கம்.

ஆபீசர் வயதானவர், குரலை உயர்த்தாதவர். தாளைக் காட்டி, "அம்மா, இது உங்க கைநாட்டா?" என்று கேட்டார்.

"இல்லைய்யா. எங்க மதினி வச்சது. நான்தான் வைக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"ஆட்டுக்குக் குழை அறுக்கையில அரிவா பட்டு விரல்ல கட்டுப் போட்டிருந்தேன். கடைசி நாளாப் போச்சு. நீ போயி எனக்காக வச்சிட்டு வான்னு சொன்னேன். எங்க அண்ணன் ஆபீஸ்ல இருந்து ஓடி வந்து, யாருன்னு பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டாரு. அவரு மேல தப்பு இல்லைய்யா."

மதினி வைத்தாள் என்பது தவிர மற்றதெல்லாம் பொய். அவள் விரலில் வெட்டே பட்டதில்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீசர் கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தார். பிறகு அத்தையிடம், "இதைச் சத்தியமாச் சொல்வீங்களா?" என்றார்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நீ வெளிய போ" என்றாள்.

நான் போகவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "போன்னு சொல்லுதேன்லா! படியிறங்கித் தெருவுக்குப் போ!"

அத்தை என்னை அதட்டியதே கிடையாது. அழுகையோடு பாதிப் படி இறங்கி நின்று, படிக்கட்டுக் கம்பி வழியாகப் பார்த்தேன். அவள் வலது கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஆபீசர் சொல்லச் சொல்ல, "கடவுள் அறியச் சத்தியமாய்" என்பதிலிருந்து கடைசி வரைக்கும் சத்தமாகச் சொன்னாள். பிறகு தன் சொந்த விரலை மையில் தொட்டு வைத்தாள்.

அப்பா வேலை பிழைத்தது. ஆபீசர் எச்சரித்து விட்டுவிட்டார், அத்தையின் மனுவும் ஏற்கப்பட்டது. பணம் பல வருஷம் கழித்துத் துண்டு துண்டாக வந்தது, பாதிகூடத் தேறவில்லை. அதை அத்தை தொடவே இல்லை. நான் டீச்சர் டிரெய்னிங் படித்ததும், இப்போது பென்ஷன் வாங்குவதும் அந்தப் பணத்தால்தான்.

ஆனால் அந்த ஆடிக்குப் பிறகு அத்தை மாறிப்போனாள். எங்கள் அடுப்படிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தனியாகப் பொங்கித் தனியாகச் சாப்பிட்டாள். என்னைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. நான் பின்கட்டுக்குப் போனால், "போயிப் படி, போ" என்பாள். ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றாள். பித்தளைக் குடத்தை அம்மாவிடம் கொடுத்து, "உங்ககிட்ட இருக்கட்டும் மதினி" என்றாள். தங்கச்சி தன்னை மன்னிக்கவில்லை என்று அப்பா முடிவு செய்துகொண்டார். மை விஷயத்தை மறைத்ததற்காக என் மேல் கோபம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த வருஷம் முழுக்க அவளை நான் உள்ளுக்குள் வெறுத்தேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா விளக்கினாள். பொய்ச் சத்தியம் செய்தவரை மட்டுமில்லை, அந்த வேளையில் அவர்களைத் தொட்டுக்கொண்டு நிற்பவர்களையும் அது பிடிக்கும் என்பார்களாம். அந்த வருஷம் முடியும் வரை கூட உண்டு உறங்குகிறவர்களுக்கும் ஆகாதாம். மெய்ச் சத்தியத்துக்கே ஒரு வருஷம் என்றால் பொய்ச் சத்தியத்துக்குத் தப்பவே முடியாது என்று அத்தை உறுதியாக நம்பினாள். தன் பணத்துக்காக உண்மையைச் சொல்லிச் சாகப் பயந்தவள், அண்ணன் வேலைக்காகப் பொய்யைச் சொல்லிவிட்டுச் சாவுக்குக் காத்திருந்தாள். வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தபசு வந்தது. தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சம்சாரிகள் சப்பரத்தின் மேல் வீசி எறிய, தெரு முழுக்க மிளகாய் நெடி. எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தோம். தபசு முடிந்த மறுநாள் காலை அத்தை கோயிலுக்குத் தனியாகப் போய்விட்டு, நெற்றி நிறைய அங்கே பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணோடு வந்தாள். பின்கட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, பசிக்கு. சோறு போடு" என்றாள்.

அம்மா கரண்டியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். பிறகு இலை போட்டாள். காலை எட்டு மணிக்கு அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய குழம்பு ஊற்றி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஆபீசுக்குக் கிளம்பிய அப்பா சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நிலையில் நின்று பார்த்தார். ஒருத்தி சோறு தின்பதற்கு அப்பா ஏன் அழ வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அவருக்கு அன்றைக்குத்தான் எல்லாம் விளங்கியிருக்கிறது.

நான் கோபத்தோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அத்தை எச்சில் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ மக்கா, ஏன் அங்கன நிக்க? இங்கன வா. வந்து என்னை ஒட்டி உக்காரு."

நான் கொஞ்ச நேரம் வீம்பு காட்டிவிட்டு, போய் உட்கார்ந்தேன்.